பாதிச் சுவர்வரை ஏறிய மண்

பெயர் தெயோலிந்தா அமரால், வயது 74, கணவர் காலஞ்சென்ற எர்மினியோ அமரால், படிப்பு ஐந்தாம் வகுப்பு, முன்பு திரைச்சீலை ஆலையில் தையல் வேலை, தற்போது ஓய்வு, விலாசம் மாசசூசெட்ஸ் மாநிலம், வெஸ்ட்மில் நகரம், டேவல் தெரு, 58ஆம் எண் வீடு. மேற்படி ஊர்க் காவல் நிலையத்தில் சார்ஜெண்ட் அவர்கள் கேட்க, மொழிபெயர்ப்பாளர் திருமதி ஒதேத் உடனிருக்க, என்னுடைய போர்த்துகீசிய மொழியில் கொடுக்கும் வாக்குமூலம்.

நகர அலுவலகத்தின் வீட்டு ஆய்வாளர் டினிஸ் அருடா மீது நான் மண்வெட்டியை ஓங்கியதாகவும், அலுவலகம் உத்தரவு கொடுத்த பிறகு வீட்டை ஒட்டிய மண்ணை மாற்றியதாகவும் என்மேல் குற்றம் சொல்கிறார்கள். இரண்டுக்கும் பதில் சொல்கிறேன்.

மேற்படி வீடு மூன்றடுக்கு மரவீடு. நானும் என் கணவரும் ஆலைச் சம்பளத்தில் வாங்கியது. முதல் அடுக்கில் நான், இரண்டாவதில் என் மகள் லூசியாவும் அவள் பிள்ளைகளும், மூன்றாவதில் வாடகைக்கு ஒரு குடும்பம். எனக்கு ஐந்து பேரப்பிள்ளைகள், மூத்தவள் செவிலியர் படிப்பில் வகுப்பில் முதல் ஆள். இது வழக்குக்குத் தேவையில்லை என்று சார்ஜெண்ட் சொன்னார், இருந்தாலும் எழுதச் சொன்னேன். வீட்டுக்குக் கீழே இன்னொரு சமையலறை இருக்கிறது. போர்த்துகீசியத் தீவுகளிலிருந்து வந்த எங்கள் ஆட்கள் எல்லோருக்கும் அப்படித்தான். மேலே உள்ள அடுப்பு பார்ப்பதற்கு, கீழே உள்ள அடுப்பு சமைப்பதற்கு. கீழே இருக்கும் அறையிலிருந்து பின் கொல்லைக்குப் படி இல்லாமல் போகலாம்.

அந்த அறையில் என் தம்பி பெல்மிரு தூங்குகிறான். சர்க்கரை நோயில் அவனுடைய வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். மருத்துவமனையிலிருந்து அவனை முதியோர் காப்பகம் ஒன்றுக்கு அனுப்பினார்கள். அங்கே அவன் மொழி தெரிந்தவர் ஒருவரும் இல்லை. நான் பார்க்கப் போன நாளெல்லாம் சாப்பாட்டுத் தட்டு மூடியபடி இருந்தது. அதன் பிறகு ஒரு நாள் நான் என்ன கேட்டாலும் அவன் தலையை மட்டும் ஆட்டினான். அன்றைக்கே கையெழுத்துப் போட்டு வீட்டுக்குக் கூட்டி வந்தேன். முன்வாசலில் ஏறுவதற்குப் படிகள் உண்டு என்பதால் கீழ் அறையில் கட்டில் போட்டேன். வந்த அன்று அவன் சொன்னது ஒன்றுதான். "அக்கா, திரும்ப அங்க மட்டும் அனுப்பிடாத."

அதன் பிறகு தூய ஆவியார் திருவிழா வந்தது. திருவிழாவின் வெள்ளிக் கிரீடத்தை வாரம் ஒரு வீட்டில் வைப்போம், இந்த வருடம் அது ஒரு வாரம் எங்கள் வீட்டில் இருந்தது. கிரீடம் இருக்கிற வீட்டில் கதவைச் சாத்தக் கூடாது, யார் வந்தாலும் சூப் ஊற்ற வேண்டும். கீழ்ச் சமையலறையில் இறைச்சியும் முட்டைக்கோசும் போட்டு இரண்டு அண்டாவில் கொதித்தது. ஆலையில் எனக்குப் பக்கத்து இயந்திரத்தில் தைத்த நத்தாலியா தன் மகன் டினிஸோடு வந்தாள். அவன் என்ன உத்தியோகம் பார்க்கிறான் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் கீழே கூப்பிட்டேன். அந்த வாரம் உத்தியோகம் பார்த்து ஆளைக் கூப்பிடுவது வழக்கமில்லை.

கீழே நாற்காலி போதவில்லை. பெல்மிரு தன் கட்டிலைத் தட்டி, "இங்க உக்காருடா மாப்ள, ஒரு காலு போனதுல எடம் நிறைய கெடக்கு" என்றான். எல்லோரும் சிரித்தோம். டினிஸும் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தான். இரண்டாவது தட்டும் வாங்கினான். அதைச் சாப்பிடும்போது தலையணையைப் பார்த்தான், சுவரை ஒட்டி வரிசையாய் இருந்த மருந்துப் புட்டிகளைப் பார்த்தான், மேலே இருந்த ஜன்னலைப் பார்த்தான். ரொட்டி அவன் தட்டில் மீந்தது.

திங்கட்கிழமை அவன் அளவு நாடாவோடு வந்தான். கிரீடம் அடுத்த வீட்டுக்குப் போயிருந்தது. அறையின் உயரத்தை அளந்தான், வெளியே போய்ச் சுவரை அளந்தான், திரும்பி வந்து இது நிலவறை, நிலவறையில் யாரும் தூங்கக் கூடாது, மாதம் முடிவதற்குள் பெல்மிரு இங்கிருந்து போக வேண்டும் என்றான். இரண்டாவது தட்டு கேட்கும்போது இந்தச் சட்டம் எங்கே போயிருந்தது என்று கேட்டேன். அவன் தலை நிமிரவில்லை. "பாக்காம இருந்திருந்தா பரவால்ல அத்தை. பாத்துட்டேன். நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா, பாத்துட்டு சும்மா இருந்தவன் நான்தான்" என்றான். உத்தரவை அண்டாவின் மூடிமேல் வைத்துவிட்டுப் போனான்.

அன்று சாயங்காலம் லூசியா எனக்கு ஒரு வழி சொன்னாள். மாமா மேலேதான் தூங்குகிறார், பகலில் மட்டும் கீழே இருக்கிறார் என்று எழுதிக் கொடுத்துவிடலாம் என்றாள். அப்படியானால் யாராவது கதவைத் தட்டும்போதெல்லாம் என் தம்பி என் வீட்டிலேயே திருடனைப் போல ஒளிய வேண்டும். அது என்னால் ஆகாது என்று சொல்லிவிட்டேன். பெல்மிரு தன் சட்டைகளை மடித்துப் பைக்குள் வைக்க ஆரம்பித்தான். நான் பையைப் பிடுங்கி அடுப்புக்குப் பின்னால் போட்டேன்.

அதன் பிறகு நானும் லூசியாவும் நகர அலுவலகத்துக்குப் போனோம். ஜன்னலுக்குப் பின்னால் இருந்த அம்மாள் மரியாதையாகத்தான் பேசினார். நிலவறை என்றால் என்ன என்று கேட்டேன். நாங்கள் அதற்குப் பெயர் வைத்ததில்லை, 'கீழே' என்று மட்டும் சொல்வோம். அவர் விதிப் புத்தகத்தை எடுத்து வாசித்தார், லூசியா எனக்குச் சொன்னாள். ஓர் அறையின் உயரத்தில் பாதிக்கு மேல், சுவரை ஒட்டிய வெளிமண்ணுக்குக் கீழே போனால் அது நிலவறை, அங்கே குடியிருக்கக் கூடாது. பாதிக்குக் குறைவாகப் போனால் அது கீழ்த்தளம், ஜன்னலும் வெளியேற வழியும் இருந்தால் அங்கே குடியிருக்கலாம். இன்னொரு முறை வாசிக்கச் சொன்னேன். வாசித்தார். வெளிமண் என்றால் எந்த மண் என்று கேட்டேன். "இன்னைக்கு அங்க என்ன மண்ணு கெடக்கோ அதுதாம்மா" என்றார்.

வீடு வந்து கொல்லையில் நின்று சுவரைப் பார்த்தேன். என் கணவர் அங்கே பாத்தி போட்டிருந்தார். அவர் பிறந்த தீவில் கல் அடுக்கி மண் கொட்டித்தான் எதையும் விளைவிப்பார்கள், இங்கேயும் அதையே செய்தார். வருடா வருடம் கடற்பாசியும் இலைச் சருகும் மண்ணும் கொண்டுவந்து சுவரோடு சேர்த்துக் கொட்டுவார், மேலே ஒரு வரிசை கல் ஏற்றுவார். கோசுக்கீரை என் இடுப்பு உயரம் வளரும். மண் ஏறி ஏறிக் கீழ் அறையின் ஜன்னலில் முக்கால்வாசி மூடிப்போயிற்று. விளக்கைப் போட்டுக்கொண்டோம், யாரும் அதைப் பற்றி யோசிக்கவில்லை. நாங்கள் அந்த வீட்டை வாங்கிய காலத்தில் நான் கொல்லையில் நின்று அந்த ஜன்னலைத் துடைத்திருக்கிறேன். டினிஸ் நாடாவைப் பிடித்தது பாத்தியின் தலையிலிருந்து.

அதனால் சனிக்கிழமை காலை மண்வெட்டியை எடுத்தேன். உத்தரவு வந்த பிறகு வெட்டினேன் என்பது உண்மை. மறைத்துச் செய்யவில்லை, தெருவிலிருந்து பார்த்தால் தெரியும். லூசியா மண்ணைத் தள்ளுவண்டியில் வாரினாள். பெல்மிரு சக்கர நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு என்னைப் பார்த்து, "மச்சான் எந்திரிச்சு வந்தா உன்னயத்தான் மொதல்ல பொதப்பாரு" என்றான். கீரையைப் பிடுங்கி அக்கம்பக்கத்தில் கொடுத்துவிட்டோம். கடைசியில் திராட்சைக்கொடி நின்றது. என் கணவர் தீவை விட்டு வரும்போது கோட்டுத் துணிக்குள் தைத்துக் கொண்டுவந்த குச்சி அது. அந்தக் கோட்டைத் தைத்தவள் நான். அதன் வேர் முழுவதும் பாத்தி மண்ணில்தான் இருந்தது. அதை எடுக்காமல் அந்த மண் இறங்காது. லூசியா வீட்டுக்குள் போய்விட்டாள்.

அந்த நேரத்தில் டினிஸ் வந்தான். வேலை நாள் இல்லை, அவனாக வந்தான். வேலிக் கதவைத் திறந்து வந்து, நிறுத்துங்கள், உத்தரவு இருக்கும்போது இடத்தை மாற்றினால் அது வேறு வழக்காகிவிடும் என்றான். நான் நிறுத்தவில்லை. அவன் பாத்திமேல் ஏறிக் கொடிக்கும் எனக்கும் நடுவில் நின்றான். "இத வெட்டாதீங்க அத்தை. மாமா நட்டது. சின்ன வயசுல நான் இதுல திருடித் தின்னுருக்கேன்." அப்போது மண்வெட்டி என் தலைக்கு மேலே இருந்தது. அதைக் கொடிக்காகத்தான் ஓங்கினேன். ஆனால் அவன் நடுவில் வந்த பிறகும் கீழே இறக்கவில்லை. எதற்காக இறக்கவில்லை என்று சார்ஜெண்ட் கேட்டார். எனக்குக் கோபம் இருந்தது. அவனை அடிக்க நினைத்தேனா என்றால், ஒரு மூச்சு விடும் நேரம் எனக்கே தெரியவில்லை. அதையும் எழுதிக்கொள்ளலாம்.

அவனிடம் சொன்னேன். "தள்ளுடா டினிஸ். செத்தவரு வச்ச கொடியா, உசிரோட இருக்குற தம்பியான்னு நான் யோசிச்சு முடிச்சிட்டேன்."

அவன் தள்ளி நின்றான். நான் வெட்டினேன். ஒரே வெட்டில் போகவில்லை. டினிஸ் என் கையிலிருந்து மண்வெட்டியை வாங்கி, மிச்ச வேரை அவனே வெட்டினான். அவனுடைய நல்ல சப்பாத்து மண்ணாகிவிட்டது. பழைய தரை தெரிகிற வரைக்கும் மண்ணை இறக்கினோம். அதன் பிறகு அவன் மண்டியிட்டு நாடாவைப் பிடித்தான். இரண்டு முறை பிடித்தான். "பாதிக்கு மேல வெளிய நிக்குது அத்தை. ஆனா இந்த அளவ ஆபீஸ்ல எடுத்துக்குவாங்களான்னு எனக்குத் தெரியாது" என்றான். அதற்குள் காவல் வண்டி வந்துவிட்டது. வேலிக்கு அந்தப்புறமிருந்து மண்வெட்டி ஓங்கியதைப் பார்த்தவர் யாரோ அழைத்திருக்கிறார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். பார்த்ததைத்தான் சொன்னார்.

டினிஸ் சொன்னதை வேறு யாராவது கேட்டார்களா என்று சார்ஜெண்ட் கேட்டார். பெல்மிரு கேட்டான். அவன் களைத்துப்போய் உள்ளே கட்டிலில் படுத்திருந்தான், ஜன்னல் திறந்திருந்தது. காவல் வண்டியில் நான் ஏறும்போது உள்ளேயிருந்து கத்தினான். "அக்கா, வெயிலு மூஞ்சில அடிக்குது. மனுசன் தூங்குறதா வேணாமா?"

என் தம்பி அந்த அறையில்தான் தூங்குகிறான். இன்றும் அங்கேதான் தூங்குவான். மழை வந்து மண்ணைத் திரும்பக் கொண்டுவருவதற்கு முன்னால் நகர அலுவலகத்திலிருந்து வேறொருவர் வந்து அளந்து பார்க்கட்டும், மண் வெட்ட உதவியதற்காக டினிஸைக் கண்டிக்க வேண்டாம். அளவு எப்படி வந்தாலும் மறைக்க மாட்டேன். என்னைச் சீக்கிரம் அனுப்பினால் நல்லது. அவனுக்கு மதியச் சாப்பாடு கொடுக்கவில்லை, ஜன்னலுக்குத் திரையும் தைக்க வேண்டும்.

இதைத் திருமதி ஒதேத் என் மொழியில் வாசித்துக் காட்டினார். தோட்டம் என்றிருந்த இடத்தில் பாத்தி என்று மாற்றச் சொன்னேன், மாற்றினார்கள். நான் சொன்னது இதில் இருக்கிறது, சொல்லாதது எதுவும் இல்லை, நடந்தது இதுதான் என்று அறிந்து என் கையாலேயே ஒப்பமிடுகிறேன்.

(ஒப்பம்) தெயோலிந்தா அமரால்