தீக்குள் போகாத முப்பத்தெட்டாம் எண் வில்லை

என் பெயர் குகனேஸ்வரன் த/பெ நாகரத்தினம். வயது 51. தானா ராத்தாவில், மின்சுடலைக்குப் பின்னால் உள்ள பணியாளர் வீட்டில் குடியிருக்கிறேன். அந்த மின்சுடலையில் பதினான்கு ஆண்டுகளாகப் பொறுப்பாளராக இருக்கிறேன். 15 ஜூலை 2025, செவ்வாய்க்கிழமை, காவல் நிலையத்தில் சார்ஜன் திருமாறன் கேட்க, நான் தமிழில் சொல்லியது இது.

எண் 38 பொறித்த எங்கள் எஃகு அடையாள வில்லை தீக்குள் போகவே இல்லை என்பது இன்று காலை 10.15க்கு உறுதியானது. சார்ஜன் அதை என் முன்னால் மேசையில் வைத்தார். கருகல் இல்லை. நான் கட்டிய வெள்ளை நாடாகூட அப்படியே இருந்தது. எங்கள் வில்லைதான் என்று அடையாளம் காட்டினேன்.

7 ஜூலை, திங்கட்கிழமை காலை 9 மணிக்கு, கியா பார்ம் ஊரைச் சேர்ந்த காய்கறித் தோட்டக்காரர் வேலப்பனின் உடல் வந்தது. அவருக்கு எண் 37. எரித்து முடித்து, உலையைத் துடைத்து, அவருடைய சாம்பலை வில்லையோடு தட்டில் எடுத்து மூடியபோது மணி 12.15. அதன்பின் 12.30க்குத் தேயிலைத் தோட்டத்திலிருந்து செல்லம்மா, வயது 67, என்பவரின் உடல் வந்தது. கூட வந்தவர் அவருடைய மகள் யோகேஸ்வரி. பிரிஞ்சாங்கில் பூ வியாபாரம் செய்பவர்.

எங்களிடம் இருப்பது ஒரே உலை. ஒரு நேரத்தில் ஓர் உடல்தான் உள்ளே போகும். உடல் வந்ததும் இறப்புப் பத்திரத்தை அடையாள அட்டையோடு ஒப்பிட்டு, எண் பொறித்த வில்லையை வலது மணிக்கட்டில் கட்டுவோம். உறவினர் எண்ணைச் சத்தமாகப் படித்துவிட்டுப் பதிவேட்டில் கையொப்பமிடுவார். உள்ளே போனபின் நாடா எரிந்துவிடும், வில்லை எரியாது. சாம்பலோடு அதே தட்டில் வெளியே வரும். யோகேஸ்வரி "முப்பத்தெட்டு" என்று படித்துக் கையொப்பமிட்டார்.

அதன்பின் வாய்க்கரிசி போடுவதற்காகக் குடும்பத்தாரையும் தோட்டத்து ஆட்களையும் கூடத்தில் விட்டுவிட்டு, உலையின் சூட்டைப் பார்க்கப் போனேன். பத்து நிமிடம் கழித்துத் திரும்பியபோது பெட்டி மூடி ஆணி அடிக்கப்பட்டிருந்தது. உள்ளே அனுப்பும் முன் மணிக்கட்டை இன்னொரு முறை பார்க்க வேண்டும் என்பது எங்கள் விதி. யோகேஸ்வரியை இரண்டு பேர் தாங்கிப் பிடித்திருந்தார்கள். மூடியைத் திறக்கச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பெட்டி மேல் ஒட்டிய தாளில் எண்ணைப் பார்த்துவிட்டு 1.05க்கு உள்ளே அனுப்பினேன். விதியை மீறியவன் நான்தான்.

மறுநாள் காலை 7 மணிக்கு உலையைத் திறந்தேன். தொடை எலும்பில் வைக்கும் உலோகத் தகடு ஒன்று, ஆறு திருகாணிகளோடு கிடைத்தது. கடலைப் பருப்பு அளவில் மஞ்சள் நிறக் கட்டி ஒன்றும் கிடைத்தது. வில்லை இல்லை. என் காலத்தில் ஏறக்குறைய ஆயிரம் வில்லைகள் உள்ளே போயிருக்கின்றன, ஒன்றுகூட வராமல் இருந்ததில்லை. சாம்பலை மூன்று முறை சலித்தேன். செங்கல் இடுக்குகளை டார்ச் அடித்துப் பார்த்தேன். எஃகு எங்கள் சூட்டில் உருகாது, உருகினாலும் மஞ்சளாகாது. அந்தக் கட்டியை வெகுநேரம் உள்ளங்கையில் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

8.30க்கு யோகேஸ்வரி சாம்பல் கலயத்தை வாங்க வந்தார். அவர் உட்காரும் முன்பே நடந்ததைச் சொன்னேன். அம்மாவுக்கு மூன்று வருடத்துக்கு முன் மலைச்சரிவில் வழுக்கித் தொடை முறிந்தது உண்மை என்றும், நகைகளைக் கழற்றிவிட்டுத்தான் கொண்டுவந்ததாகவும் சொன்னார். அதன்பின் கேட்டார்:

"அப்ப இந்தக் கலயத்துல இருக்கறது யாரு அண்ணே? எங்கம்மாவா, அந்தக் கியா பார்ம் தாத்தாவா?"

உங்கள் அம்மாதான் என்று நம்புகிறேன் என்றேன். நம்பிக்கையை வைத்துக் கடலில் கரைக்க முடியாது என்றார். பதினாறாம் நாள் காரியம் 21ஆம் தேதி. அன்று லூமுட்டில் அஸ்தி கரைக்க ஏற்பாடு செய்திருந்தார்கள். யாரென்று தெரியாமல் காரியம் செய்ய மாட்டேன் என்று சொல்லி, கலயத்தை வாங்காமல் போனார். மறுநாள் புகார் கொடுத்தார்.

நேற்று, 14ஆம் தேதி, ஆய்வுக்கு அனுப்பியிருந்த அந்தக் கட்டி பித்தளை என்று ஆய்வகம் சொன்னதாகச் சார்ஜன் தொலைபேசியில் தெரிவித்தார். வீட்டில் பித்தளைச் சாமான் ஏதாவது காணாமல் போயிருக்கிறதா என்று யோகேஸ்வரியைக் கேட்டேன். தேயிலைக் கொழுந்து நிறுக்கும் இடத்தில் காட்டுவதற்குத் தோட்டத்தில் முன்பு ஆளுக்கொரு எண் பொறித்த பித்தளை வில்லை கொடுத்திருந்தார்களாம். அம்மாவினுடையது தொழிலாளர் லைன் வீட்டு அடுப்படி ஆணியில் தொங்கும். போய்ப் பார்த்தபோது ஆணி மட்டும் இருந்தது.

லைனில் அதைப் பற்றி விசாரித்துவிட்டு, இன்று காலை அவர் பாஞ்சாலை என்ற எழுபது வயது மூதாட்டியை நிலையத்துக்கு அழைத்து வந்தார். செல்லம்மாவின் பக்கத்து நிரையில் கொழுந்து எடுத்தவர். மாத்திரை டப்பாவைத் திறந்து எண் 38ஐ எடுத்துக் கொடுத்தார்.

"நாந்தான் கழட்டுனேன். இந்தத் தம்பி வேற ஆளு நம்பர மாட்டி வச்சிருந்தாரு. செல்லம்மா நம்பரு அறுபத்தி நாலு, அதத்தான் கட்டிவிட்டேன். நாப்பது வருசமா அந்த நம்பருக்குத்தான் கொழுந்து நிறுத்தாங்க. முப்பத்தெட்டோட போனா அங்க யாரு பேருல எழுதுவாங்க, சொல்லுங்க?"

38ஐ ஏன் வைத்திருந்தீர்கள் என்று சார்ஜன் கேட்டார்.

"அது ஆபீஸ் சாமான்லா. தொலைஞ்சா தம்பிய ஏசுவாங்கன்னு பத்திரமா வச்சிருந்தேன்."

"ஒரு வாரமா நாயா அலையறேன் அத்தே. ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" என்றார் யோகேஸ்வரி.

"நீ சாம்பல் மாறிப்போச்சுன்னுதான சொன்ன. நம்பரப் பத்தி எங்க கேட்ட?"

உருகிப்போன பித்தளையில் 64 என்று படிக்க முடியாது. ஆகவே அது மட்டும் போதாது என்று நானே சார்ஜனிடம் சொன்னேன். தொடை எலும்புத் தகட்டில் ஏழு இலக்க எண் ஒன்று இருக்கிறது; லென்ஸ் வைத்துப் படித்து எழுதிக் கொடுத்தேன். ஈப்போவில் செல்லம்மாவுக்கு அறுவை சிகிச்சை செய்த மருத்துவமனை தன் பதிவேட்டோடு அதை ஒப்பிட்டு, 17ஆம் தேதி வியாழக்கிழமை பிற்பகல் 3 மணிக்குள் பதில் தருவதாகச் சொல்லியிருக்கிறது. அதுவரை கலயம் முத்திரையிட்டு மின்சுடலை அலமாரியில் இருக்கும்.

வெளியே போகும்போது யோகேஸ்வரி என்னிடம், "வியாழக்கிழமை வரைக்கும் அம்மா ஒங்க கிட்டயே இருக்கட்டும் அண்ணே," என்றார். அதுவரை அவர் அதைக் கலயம் என்றே சொல்லிவந்தார்.

இதைச் சார்ஜன் எனக்குப் படித்துக் காட்டினார். ஓரிடத்தில் நேரத்தைத் திருத்தினேன். நான் கண்டதும் செய்ததும் செய்யாமல் விட்டதும் மட்டுமே இதில் உள்ளன. அனைத்தும் உண்மை.

(ஒப்பம்) நா. குகனேஸ்வரன்
பதிவு செய்தவர்: சார்ஜன் திருமாறன்