பாரம் தெரியாத கால்

– இல்ல தனகோடி அக்கா, இந்த ஸ்கேன் மிஷின தெனமும் அணைக்கறதில்ல. உங்க வீட்டுக்காரர் வர்றதுக்கு முன்னாடியும் இதுக்குள்ள காந்தம் இருந்துச்சு, போனப்புறமும் இருக்கும்.

– கரண்டு போனா இன்னா பண்ணுவீங்க, கரோலின் சிஸ்டர்?

– போனாலும் காந்தம் நிக்காது. நாலு வருஷம் முன்னாடி ஒரு தடவ ஏத்தின கரண்டு, உள்ள இருக்கற சுருள்ல இன்னும் சுத்திக்கிட்டு இருக்கு.

– தள்ளி வுட ஆளே இல்லாமயா? எங்கம்மா வூட்டு விசைத்தறி, சுவிட்ச அமுக்கினா அந்த நிமிஷமே நின்னுடும்.

– சாதா கம்பில கரண்டு முட்டி மோதித்தான் போகும், அதான் கம்பி சூடாகுது. இந்தக் கம்பிய திரவமா மாத்தின ஹீலியத்துல ஊறப் போட்டிருக்காங்க. ஐஸ்கட்டியே அதுக்குக் கொதிக்கற தண்ணி மாதிரி. அவ்ளோ குளிர்ல எலக்ட்ரான் ரெண்டு ரெண்டா ஜோடி சேந்துக்கும். எதுலயும் முட்டாது.

– குளுரு வுட்டுப்போனா?

– முடிஞ்சுது. ஓடின கரண்டு பூரா சூடா மாறி, ஹீலியம் ஆவியா போய்டும்.

– எங்காளும் நிக்காம தான் ஓடினாரு, ஆம்பூர் தோல் ஷாப்புல. பரண்லேந்து வுழுந்து முதுகு ஒடைஞ்சு எட்டு மாசம் ஆவுது. படுத்தவரு படுத்தவரு தான். நாம பேசறது உள்ள அவருக்குக் கேக்குமா?

– கேக்காது, மைக் ஆஃப்ல இருக்கு.

– நரம்பு நல்லா கீற மாதிரி தான் தெரியுது, எலும்பும் சதையும் தான் கரைஞ்சுபோச்சுன்னாரு டாக்டர். சும்மா படுத்துக்கினு இருந்தவருக்கு எப்படி கரையும்?

– சும்மா படுத்ததால தான்க்கா. விண்வெளிக்குப் போறவங்களுக்கு எடையே தெரியாது, மிதப்பாங்க. கால்ல பாரம் இல்லன்னதும், இந்த எலும்பு எதுக்குன்னு ஒடம்பு சுண்ணாம்பக் கரைச்சு ஒன்னுக்குல அனுப்பிடும். மாசம் நூத்துல ஒரு பங்கு போய்டும். கெண்டைச்சதை வத்திடும். கட்டில்லயே கெடந்தாலும் அதே கதி தான்.

– அவங்க திரும்பி வந்து நடக்கறாங்களே, டிவில பாத்தேனே.

– மேல இருக்கும்போதே, கீழ இழுக்கற பெல்ட்ட மாட்டிக்கிட்டு தெனம் ஓடுவாங்க. அப்படியும் இறங்கினதும் கைத்தாங்கலா தான் கூட்டிட்டு வருவாங்க. ஆறாவது வாரத்துலேந்து உக்கார வைங்க, நிக்க வைங்கன்னு இங்க சொல்லலையா?

– சொன்னாங்க. ஒடுகத்தூர்ல எலும்பு முறிவுக்குக் கட்டு கட்டறவரு, அசைஞ்சா முதுகு சேராதுன்னுட்டாரு. மூணு மாசம் பொறுத்தேன். அப்புறம் எழுந்திருய்யான்னு கால்ல வுழாத கொறையா கெஞ்சினேன். அவருக்குத் தான் மனசே இல்ல. நெனச்சா வயிறு எரியுது, சிஸ்டர்.

– ஒரு நாள் கூட எழுந்திரிக்கப் பாக்கலையா?

– பாக்கல. இனிமே நடப்பாரா? மறைக்காம சொல்லுங்க.

– அத டாக்டர் தான் சொல்லணும். ஆனா எட்டு மாசம் ரொம்ப ஜாஸ்திக்கா. பொய் சொல்ல மனசு வரல.

– நானே தூக்கிப்பேன். கடைசி வரைக்கும் நானே பாத்துப்பேன்.

– அழாதீங்க, ஸ்கேன் முடிஞ்சுது. மைக்க போடுறேன். கோபிநாத் அண்ணே, அசையாம நல்லா படுத்திருந்தீங்க. ஆள் வந்து ஒங்கள மேஜையோட கட்டியிருக்கற பெல்ட்ட அவுப்பாங்க.

– வேணாம்மா, கொஞ்ச நேரம் இருக்கட்டும். தனம் ஷூ கம்பெனிக்கு வேலைக்குப் போறப்போ, நான் எழுந்து வுழுந்துடுவேன்னு குடியாத்தம் லுங்கியால என்ன கட்டிலோட கட்டிட்டு தான் போவா. மொதல்ல அவுத்து வுடுன்னு அழுவேன். இப்பல்லாம் கட்டு இல்லன்னா மெதக்கற மாதிரி பயமா கீது.