கண் இல்லாத கிழங்கு

காலைத் தேநீருக்கு முன்னால் மொட்டுக் கிள்ளுவது என் வழக்கம். டேலியாவின் தண்டு நுனியில் பெரும்பாலும் மூன்று மொட்டுகள் வரும். நடுவில் உள்ளதை விட்டுவிட்டு, பக்கத்து இரண்டையும் நகத்தால் கிள்ளிப் போட வேண்டும். அப்போதுதான் எஞ்சியது சாப்பாட்டுத் தட்டின் அகலத்துக்கு விரியும். வேலிக்கு அப்பால் நடை போகிறவர்கள் நின்று, "பாவம் சார், அதுவும் பூக்கிற மொட்டுதானே?" என்பார்கள். அவர்கள் வீட்டு டேலியா சட்டைப் பொத்தான் அளவில் பூக்கும். இரக்கத்தின் விளைச்சல் அவ்வளவுதான்.

உட்காருங்கள். நீங்கள் பூ வளர்ப்போர் சங்கத்தின் செயலாளர். கேட்க உரிமை உள்ளவர். என் அண்ணி நேற்று உங்களிடம் ஒரு டேலியாக் கிழங்கைக் கொண்டுவந்து, ஏன் முளைக்கவில்லை என்று கேட்டதாகவும், அதன் கழுத்தில் கத்தி பட்ட தடம் இருந்ததாகவும் சொல்கிறீர்கள். இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து என் கருஞ்சிவப்புப் பூவுக்கு முதல் பரிசு கொடுத்த சங்கத்தில் ஒருவருக்காவது பார்வை இருப்பது மகிழ்ச்சிதான். மறைக்க என்னிடம் ஒன்றுமில்லை.

கடைகளின் தராசுகளைச் சோதித்து முத்திரையிடுவது என் உத்தியோகம். குன்றிமணி பிசகினாலும் விடமாட்டேன். டேலியாவையும் பதினெட்டு ஆண்டுகளாக அதே கண்டிப்போடு வளர்க்கிறேன். எந்தப் பூவின் மகரந்தத்தை எந்தப் பூவில் தடவினேன் என்பதற்கு ஏழு நோட்டுப் புத்தகங்கள் இருக்கின்றன. அடுத்த வீட்டில் இருந்த என் அண்ணன் பேருந்து ஓட்டுநர். நான் கழித்து எறிந்த காய்ந்த பூத்தலைகளை ஒருநாள் என் குப்பைக் குழியிலிருந்து பொறுக்கிக்கொண்டு போய், விதைகளை ஓட்டை வாளி ஒன்றில் தூவினார். பிறகு மறந்தும் போனார்.

விதையில் முளைக்கும் டேலியா தாயைப் போலப் பூக்காது. ஒவ்வொன்றும் புதிது, நூற்றில் தொண்ணூற்றொன்பது உதவாது. அந்த வாளியில் நூறாவது முளைத்தது. கருப்பு என்றே சொல்லத்தக்க நிறம். பின்னாலிருந்து வெயில் பட்டால்தான் உள்ளிருக்கும் சிவப்பு தெரியும். இதழ்தோறும் நுனியில் நூலிழை வெள்ளை. அண்ணன் தெருவுக்கே கேட்கும்படி கூப்பிட்டார்.

"டேய் தம்பி, உன் குப்பையில மாணிக்கம் கெடக்குதுடா! அந்த நோட்டையெல்லாம் தூக்கிக் குழியில போட்டுட்டு, குழியில இருக்கிறதை வீட்டுக்குள்ள வையி."

எல்லாரும் சிரித்தார்கள். அண்ணியும் சிரித்தார்.

ஒரு கதை சொல்கிறேன். ஒருவன் பல ஆண்டுகள் கிணறு தோண்டினானாம். தண்ணீர் வரவில்லை. பக்கத்து வீட்டு எருமை சேறு தேடிக் காலைத் தேய்த்த இடத்தில் ஊற்று கிளம்பியது. ஊரார் எருமைக்கு மாலை போட்டார்கள். எருமை மாலையைத் தின்றது. இந்தக் கதையில் எருமைமேல் தவறில்லை என்பார்கள். நானும் அண்ணன்மேல் தவறு சொல்லவில்லை. விதை என்னுடையது என்பதை மட்டும் நினைவூட்டுகிறேன்.

அந்தப் பூக்காலம் முடியும் முன்பே அண்ணன் நோயில் படுத்தார். அண்ணி விடுப்பு எடுத்துக்கொண்டு, மூன்று மாதம் பக்கத்திலேயே இருந்து பார்த்தார். பிழைக்கவில்லை. செடி காய்ந்ததும் அண்ணி என்னிடம் வந்தார்.

"தம்பி, எனக்கு இதெல்லாம் தெரியாது. நீங்களே தோண்டி எடுத்துப் பிரிச்சுக் குடுங்க. வருஷா வருஷம் அவர் பூவு ஒண்ணு வாசல்ல பூத்தா எனக்கு அது போதும்."

உங்களுக்கு நான் பாடம் நடத்த வேண்டியதில்லை. டேலியாக் கிழங்கு எவ்வளவு கொழுத்திருந்தாலும் முளை அதன் உடலிலிருந்து வராது. கழுத்தில், தண்டோடு ஒட்டும் இடத்தில், கடுகளவு ஒரு கண் இருக்கும். அது போனால் கிழங்கு மண்ணுக்குள் பல மாதம் அழுகாமல், உறுதியாக, உயிருள்ளது போலவே கிடக்கும். முளைக்க மட்டும் முளைக்காது. அண்ணனின் செடியில் ஆறு கிழங்குகள் இருந்தன. மூன்றை நான் வைத்துக்கொண்டேன். மற்ற மூன்றின் கண்களையும் பேனாக்கத்தியால் நோண்டி எடுத்து, வெட்டிய இடத்தில் சாம்பல் தடவி, மரத்தூள் நிரப்பிய பெட்டியில் அழகாக அடுக்கி அண்ணியிடம் கொடுத்தேன். பெட்டியை வாங்கியதும் அண்ணி அழுதார்.

அண்ணி அவற்றை நட்டார். வேலைக்குப் போகும் முன்னும் வந்த பின்னும் வெறும் மண்ணுக்கு முன்னால் குந்தியிருப்பார். எழுபதாம் நாள் வேலியருகே வந்தார்.

"மண்ணு அசையவே மாட்டேங்குது தம்பி. தோண்டிப் பாக்கட்டுமா?"

"வேணாம் அண்ணி. தொட்டா கெட்டுப்போகும்."

மறு ஆண்டு, "அண்ணன் செடியில உங்களுக்காக ஒண்ணு எடுத்து வச்சிருந்தேன்" என்று இன்னொரு கிழங்கு கொடுத்தேன். இவ்வாண்டும் ஒன்று கொடுத்தேன். அப்போது என்னிடம் இருபதுக்கு மேல் இருந்தன. கண்ணுள்ள ஒன்றைக் கொடுத்திருந்தால் எனக்கு எதுவும் குறைந்திருக்காது என்று நீங்கள் நினைக்கிறீர்கள். குறைந்திருக்கும். அவர் வாசலில் அது பூத்தால் தெருவார் அதை அண்ணன் பூ என்பார்கள். கண்காட்சியில் என் பூவைப் பார்த்த அண்ணியே, "அவர் பூ மாதிரியே இருக்கு தம்பி" என்றார். "என் செடியோட விதைதானே அண்ணி, சாயல் இருக்காதா?" என்றேன். தலையாட்டிக்கொண்டார். நம்புகிறவர்களிடம் இந்த வசதி உண்டு. பாதி வேலையை அவர்களே செய்துவிடுவார்கள்.

அண்ணியின் உத்தியோகத்தைப் பற்றிக் கேட்டீர்கள். மருத்துவமனையில், குறைமாதக் குழந்தைகளின் பிரிவில் இருபத்திரண்டு ஆண்டுகள் செவிலியாக இருந்தார். இரண்டாவது ஆண்டும் முளைக்காதபோது சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

"உள்ளங்கை அளவு குழந்தையெல்லாம் இந்தக் கையில பிழைச்சிருக்கு. ஒரு கிழங்கு பிழைக்க மாட்டேங்குதே தம்பி!"

"கைராசின்னு ஒண்ணு இருக்கில்ல அண்ணி. அது மாறிப் போறதும் உண்டு" என்றேன். அவர் சிரிப்பை நிறுத்தவில்லை. எனவே, "அண்ணனைக் கடைசி மூணு மாசமும் நீங்கதானே பாத்தீங்க" என்றும் சொன்னேன்.

இரண்டுமே பொய்யல்ல, கவனியுங்கள். இரண்டு எண்களை அருகருகே எழுதினேன். நடுவில் கூட்டல் குறி போட்டது அண்ணி.

அடுத்த வாரமே, குழந்தைகளைத் தொட மாட்டேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டு, துணிகள் எண்ணி அடுக்கும் அறைக்கு மாற்றல் வாங்கிக்கொண்டார். அந்தப் பிரிவின் மருத்துவர் என் வீடு தேடி வந்தார்.

"நீங்களாவது சொல்லுங்க சார். நூல் மாதிரி நரம்புல ஊசி போட அவங்களை மாதிரி இங்க யாருக்கும் வராது. போன வாரம் ஒரு குழந்தைக்கு மூணு பேரு மாத்தி மாத்திப் பாத்தோம், நரம்பு கிடைக்கல. அவங்க கீழ்த் தளத்துலதான் இருந்தாங்க. கூப்பிட்டோம், வரல."

"குழந்தை?" என்று கேட்டேன்.

அவர் தேநீரைக் குடிக்காமலே எழுந்து போனார். பயிற்சி பெற்ற மூன்று பேர் செய்ய முடியாததற்கு ஒரு பூந்தோட்டக்காரன் எப்படிப் பொறுப்பாவான்? தங்கள் கையாலாகாத்தனத்துக்கு ஊரில் எல்லாருக்கும் ஒரு காரணம் வேண்டியிருக்கிறது.

எழுதிக்கொள்ளுங்கள். ஐந்து கிழங்குகளின் கண்களையும் நோண்டியது நான்தான். பூ அண்ணனுடையது. அண்ணியின் கைகளில் ஒரு குறையும் இல்லை. அது எனக்கு முதல் நாளிலிருந்தே தெரியும்.

இதை அண்ணியிடம் சொல்லப் போவதாகச் சொல்கிறீர்கள். சொல்லுங்கள். அதற்கு முன் அந்த ஜன்னல் வழியாக ஒருமுறை பாருங்கள். மூன்றாம் வரிசையில் குனிந்து களை எடுக்கிறாரே, அவர்தான். உங்களிடம் வந்து போனவர், இன்று விடிந்ததும் ரப்பர் கையுறைகளை மாட்டிக்கொண்டு என் வாசலில் வந்து நின்றார்.

"உங்க அண்ணன் விட்டுட்டுப் போன ஒரே பூவு தம்பி. நீங்க மூணு தடவை குடுத்தும் நான் அழிச்சுட்டேன். எனக்கு மட்டுமா, உங்களுக்கும் அது அண்ணன் ஞாபகம்தானே. இனிமே உங்க செடிக்குத் தண்ணி ஊத்துறது, களை எடுக்கிறது எல்லாம் என் வேலை. கை படாம பாத்துக்கறேன். மன்னிச்சுக்கங்க."

அவர் கண் கலங்கியிருந்தது. எனக்கும் மனம் இளகியது என்பதை ஒப்புக்கொள்கிறேன். நீர்வாளி இருக்கும் இடத்தைக் காட்டினேன்.

"பரவாயில்ல அண்ணி, அதையெல்லாம் நான் மனசுல வச்சுக்கல" என்றேன். உண்மையாகவே நான் வைத்துக்கொள்ளவில்லை.