மின்னுவைப் பற்றி அவர்கள் எழுதியது

எனக்கு வாய்விட்டுப் படிப்பது பிடிக்கும், மேடம். பேசுவதுதான் வராது. பேசப் போனால் முதல் எழுத்திலேயே மூச்சு மாட்டிக்கொள்ளும். எதிரில் இருப்பவர் என் வாயையே பார்த்துக்கொண்டு நிற்பார். கையில் ஒரு தாள் இருந்தால் அந்தத் தொல்லை இல்லை. அதனால்தான் நீங்கள் கேட்டதற்குப் பதிலை எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன். நிமிர்ந்து பார்க்காமல் படித்துவிடுகிறேன், தப்பாக நினைக்காதீர்கள். இதில் எழுதியிருப்பதைத்தான் படிக்கிறேன். சந்தேகம் வந்தால் முடித்ததும் வாங்கிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சுண்டு குரல் கொடுத்த படத்தைப் பற்றி ஜனங்கள் எழுதியதையெல்லாம் வீட்டில் அவளுக்கு யார் படித்துக் காட்டியது என்று கேட்டீர்கள். அம்மா உங்களிடம் "பெரியவதான், பொறுமையா உக்காந்து படிப்பா" என்று பெருமையாகச் சொன்னார். அது உண்மை. நான்தான் படித்தேன்.

சுண்டு என் தங்கை, ஏழு வயது என்பது உங்களுக்குத் தெரியும். இப்போது பேசாமல் உட்கார்ந்திருக்கும் பிள்ளையைத்தான் நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். முன்பு அவள் வாய் ஓயாது. அம்மா சீருடை தைக்கும் கம்பெனியிலிருந்து வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் அன்று நடந்தது முழுவதையும் சொல்லி முடித்திருப்பாள். "கொஞ்சம் மூச்சு விடுடி, செத்துகித்துப் போயிடப் போற" என்பார் அம்மா. பூனை, மிக்ஸி, பள்ளிக்கூட வேன் டிரைவர் என்று எதன் குரலும் அவளுக்கு வரும்.

மாடி வீட்டில் இருப்பவர் சினிமாவுக்குக் குரல் பதிவு செய்கிறவர். நாங்கள் சவுண்ட் அண்ணன் என்போம். படிக்கட்டில் இவள் போடும் சத்தத்தைக் கேட்டுத்தான் அந்த வேலைக்கு அழைத்துப் போனார். மந்திர விலங்குகள் வரும் குடும்பப் படம். ஒரு அப்பாவும் இரண்டு பிள்ளைகளும் மலைக்குள் வழி தவறிப் போகிறார்கள். முதுகில் வீட்டைச் சுமக்கிற கல் ஆமை, இறகை உதறினால் மழை பெய்கிற பறவை என்று ஒவ்வொன்றாக வருகின்றன. எல்லாவற்றிலும் சின்னது மின்னு. அது பேசினால் அதன் ரோமம் ஒளிரும். ஒளிர்ந்தால் வேட்டைக்காரர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். அதனால் பயந்து பயந்து பேசும். அந்த மின்னுவுக்குத்தான் சுண்டு குரல் கொடுத்தாள்.

அவளுக்கு வேகமாகப் படிக்க வராது. அதனால் நான் கூடப் போக வேண்டியிருந்தது. "நீ வீட்டுல சும்மாதானே இருக்க" என்றார் அம்மா. நான் பத்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். கண்ணாடி அறைக்குள் அவளை உயரமான ஸ்டூலில் உட்கார வைப்பார்கள். நான் பக்கத்தில் முட்டி போட்டு, வசனத்தை அவள் காதில் படிக்க வேண்டும். படித்ததும் தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டு மூச்சைப் பிடித்துக்கொள்ள வேண்டும். சிவப்பு விளக்கு எரியும். அவள் பேசுவாள். என் மூச்சுச் சத்தம்கூடப் பதிவாகிவிடக் கூடாது என்று சவுண்ட் அண்ணன் சொல்லியிருந்தார். அதில் நான் கெட்டிக்காரி. இருக்கிற இடம் தெரியாமல் இருப்பது எனக்குப் பழக்கம்.

முதல் நாளே சுண்டுவுக்கு மின்னுவின் குரல் வந்துவிட்டது. ஒரு சொல்லைத் தொடங்கி, அதன் வாசலிலேயே நின்று, திரும்பிப் போய், மறுபடி வந்து சொல்கிற மாதிரி ஒரு பேச்சு. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் டைரக்டர் எழுந்து நின்றுவிட்டார். உள்ளே வந்து அவள் முன்னால் குனிந்தார்.

"தங்கம், இந்தத் தயக்கம் எங்கேருந்து புடிச்ச? யாரு சொல்லிக் குடுத்தாங்க?"

"யாரும் சொல்லித் தரல. எங்க அக்கா இப்படித்தான் பேசுவா."

எல்லோரும் சிரித்தார்கள். கெட்ட எண்ணத்தோடு இல்லை. டைரக்டர் என் பக்கம் திரும்பி, "அப்படியாம்மா? எங்கே, ஏதாவது பேசு, கேப்போம்" என்றார். நான் வாயைத் திறந்தேன். எதுவும் வரவில்லை. எல்லோரும் காத்திருந்தார்கள். பிறகு டைரக்டர் என் தோளைத் தட்டிவிட்டு வெளியே போனார். சுண்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். எனக்குப் பெரிய பரிசு வாங்கிக் கொடுத்துவிட்டதாக நினைத்தாள்.

பள்ளிக்கூடத்தில் நான் பேச்சின் நடுவே நின்றுபோனால் பின் பெஞ்சிலிருந்து, "சிக்னல் போச்சு. ஏய், மாடிக்குப் போய்ப் பேசுடி" என்பார்கள். டீச்சரும் ஒரு தடவை சிரித்துவிட்டார். நான் புத்தகப் பையை மூலையில் வைத்ததற்குக் காரணம் அதுதான். அம்மாவிடம் தலைவலி என்று சொன்னேன்.

படம் வந்ததும் தியேட்டருக்குப் போனோம். பிள்ளைகள் நிறைந்திருந்தார்கள். மின்னு முதன்முதலில் வாயைத் திறந்து, நின்று, திரும்பி, மறுபடி பேசியபோது அத்தனை பேரும் சிரித்தார்கள். அது எப்படிப்பட்ட சிரிப்பு என்று எனக்குத் தெரியும் மேடம். முன் வரிசையில் ஒரு குழந்தை மின்னு வரும்போதெல்லாம் திரையை நோக்கிக் கையை நீட்டியது. பிரியமான சிரிப்புதான். இருட்டில் சுண்டு என் காதுக்குள் கேட்டாள்.

"அவங்க ஏன் சிரிக்கிறாங்க?"

"வீட்டுக்குப் போய் அவங்க என்ன எழுதியிருக்காங்கன்னு பாத்துச் சொல்றேன்" என்றேன்.

அப்போது அந்தப் பதிலில் வேறு எதுவும் இல்லை. அப்படித்தான் நினைக்கிறேன்.

ஜனங்கள் போனில் நிறைய எழுதியிருந்தார்கள். ஏறக்குறைய எல்லோரும் தமிழை ஆங்கில எழுத்தில் எழுதுவதால் சுண்டுவால் படிக்க முடியாது. நான் பாத்திரம் கழுவி முடித்ததும் கட்டிலில் என் மடியில் தலை வைத்துப் படுத்துக்கொள்வாள். நான் படிப்பேன். இரண்டாம் பாதி இழுவை என்று ஒருவர். கல் ஆமை சிமெண்டு மூட்டை மாதிரி இருக்கிறது என்று ஒருவர். குழந்தைகளுக்காகப் போனோம், குழந்தைகள் முழித்திருந்தார்கள், வீட்டுக்காரர் தூங்கிவிட்டார் என்று ஒரு அம்மா. சுண்டு விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு கேட்டாள், "மின்னுவ பத்தி?"

மின்னுவைப் பற்றித்தான் எல்லோரும் எழுதியிருந்தார்கள். அந்தக் குரலுக்காகவே இரண்டு தடவை பார்த்தேன் என்று. அது திக்கித் திக்கிப் பேசும்போது கட்டிப்பிடித்துக்கொள்ளத் தோன்றியது என்று. "எங்க பையனுக்குத் திக்குவாய். படம் பாத்துட்டு வந்து முதல் தடவையா ஸ்கூல்ல கை தூக்கிப் பதில் சொன்னானாம்" என்று ஒருவர். கீழே நூற்றுக்கணக்கில் இதயங்கள்.

நான் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அது என் பேச்சு. என் வாயிலிருந்து வந்தபோது சிக்னல் போச்சு. அவள் வாயிலிருந்து வந்தபோது கட்டிப்பிடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

"என்ன போட்டிருக்கு?"

"மின்னுவ பத்தி ஒண்ணும் போடல" என்றேன்.

அன்றைக்கு அவ்வளவுதான். விட்டுவிட்டுப் படித்தேன். யார் வீட்டிலும் அக்காக்கள் செய்வதுதான்.

மறுநாள் மாற்றிப் படித்தேன். எப்படிச் செய்தேன் என்று உங்களுக்குத் தெரிய வேண்டும், அதனால் சொல்கிறேன். முழுப் பொய்யைப் படித்தால் குரல் காட்டிக்கொடுத்துவிடும். முக்கால்வாசி எழுதியிருப்பதையே படிக்க வேண்டும். பறவை நன்றாக இருந்தது, பாட்டு நன்றாக இருந்தது, அப்பாவாக நடித்தவர் அழ வைத்துவிட்டார். கடைசி வரியாக மட்டும், மின்னு எப்போது வாயை மூடும் என்றிருந்தது என்று நானாகச் சேர்த்தேன். எனக்கு அதில் ஒரு திணறலும் வரவில்லை. அவ்வளவு சரளமாக நான் எப்போதும் படித்ததில்லை. அந்தத் திக்குவாய்ப் பையனின் அப்பா எழுதியதை இப்படிப் படித்தேன்: "எங்க பையன் படம் பாத்துட்டு வந்து மின்னு மாதிரியே பேசறான். நாலு அடி குடுத்தேன்."

சுண்டு என் மடியிலிருந்து எழுந்து உட்கார்ந்தாள்.

"அடிச்சாங்களா? என்னாலயா?"

"அப்படித்தான் எழுதியிருக்கு."

"எங்க, காட்டு."

காட்டினேன். அவள் விரலை வைத்து எழுத்துக்கூட்டிப் பார்த்தாள். ஆங்கில எழுத்து. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தாள். நான் படித்ததை நம்பினாள். அவளுக்குப் படித்துக் காட்டும் ஒரே ஆள் நான்தானே.

வெளியிலும் பாராட்டினார்களே என்று நீங்கள் கேட்பீர்கள். பக்கத்து வீட்டு அத்தை வாசலிலேயே பிடித்து, "என் செல்ல மின்னு, எங்க, ஒரு வார்த்தை பேசு" என்று கன்னத்தைக் கிள்ளினார். சுண்டு என் முகத்தைப் பார்த்தாள். உள்ளே வந்ததும் நான் சொன்னேன், "மூஞ்சிக்கு முன்னாடி அப்படித்தான் சொல்லுவாங்க. எழுதும்போதுதான் உண்மையைச் சொல்லுவாங்க." ரொம்பப் பெரிய விஷயம் கற்றுக்கொண்டவள்போலத் தலையாட்டினாள். அதற்குப் பிறகு யார் பாராட்டினாலும் அவளுக்கு வலித்தது.

ஒரு நாள் அவளே கேட்டாள்.

"அக்கா, எப்படிப் பேசினா அவங்களுக்குப் பிடிக்கும்?"

இந்த இடத்தில் நான் நிறுத்தியிருக்கலாம். நிறைய இடங்களில் நிறுத்தியிருக்கலாம், ஆனால் இந்த இடம்தான் என்னை விடமாட்டேன் என்கிறது. துவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்தேன். அவளுடைய பள்ளிக்கூடச் சட்டை என் கையில் இருந்தது.

"கொஞ்சம் கம்மியாப் பேசிப் பாரு" என்றேன்.

அவள் சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளை. கம்மியாகப் பேசினாள். பூனை போயிற்று, மிக்ஸி போயிற்று. அம்மா வந்தால் தண்ணீர் மட்டும் கொண்டுவந்து கொடுத்தாள். "அப்பாடா, பெரிய மனுஷி ஆயிட்டா" என்று அம்மா சந்தோஷப்பட்டார். பிறகு வீட்டில் பேச்சே நின்றது. பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவுக்குக்கூடப் பதில் சொல்வதில்லை என்று சொல்லி அனுப்பினார்கள். தொண்டை டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, தொண்டையில் ஒன்றுமில்லை, மனசுக்குப் பார்க்கிறவரிடம் காட்டுங்கள் என்றார். அவர்தான் உங்களிடம் அனுப்பினார்.

இதற்கு நடுவில் இரண்டாம் பாகம் ஆரம்பித்துவிட்டார்கள். பழைய ஸ்டூல், பழைய கண்ணாடி அறை. நான் முட்டி போட்டு அவள் காதில் படித்தேன். தலையை இழுத்துக்கொண்டேன். சிவப்பு விளக்கு எரிந்தது. அவள் மைக்கைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உதடு அசைந்தது, காற்று மட்டும் வந்தது. அது நான், மேடம். டைரக்டர் என்னைப் பேசச் சொன்ன அன்று நான் நின்ற மாதிரியே அவள் உட்கார்ந்திருந்தாள். அவள் யார் குரலையும் அச்சாகப் பிடித்துவிடுவாள் என்று சொன்னேனே. என்னை முழுசாகப் பிடித்துவிட்டாள்.

டைரக்டர் பலமுறை வந்து பார்த்தார். கடைசியில் சவுண்ட் அண்ணன்தான் சொன்னார், "அக்காவையே பேசச் சொல்லிப் பாக்கலாமே."

பேசினேன். தாள் கையில் இருந்ததால் திக்கவில்லை. திக்கினால்தான் மின்னு. அதனால் என் திக்கலை நானே நடித்தேன். எடுத்த எடுப்பில் சரியாக வந்துவிட்டது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை தட்டினார்கள். சுண்டுவும் தட்டினாள். வெறுப்பில்லாமல்தான் தட்டினாள், நான் பார்த்தேன். அன்று அந்த அறையில் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. எழுதும்போது வெட்கமாக இருக்கிறது. ஆனால் அன்று சந்தோஷமாகத்தான் இருந்தது.

போன வாரம் நீங்கள், மின்னுவைப் பற்றி எழுதியதில் நல்லதாகப் பொறுக்கி அவளுக்குப் படித்துக் காட்டச் சொன்னீர்கள். எல்லாமே நல்லதுதான், பொறுக்கத் தேவையே இல்லை என்று அப்போது நான் சொல்லவில்லை.

நேற்று படித்தேன். பாத்திரம் கழுவிவிட்டு, அதே கட்டிலில். ஒரு எழுத்தை மாற்றவில்லை. அந்தக் குரலுக்காகவே இரண்டு தடவை பார்த்தேன். கட்டிப்பிடித்துக்கொள்ளத் தோன்றியது. எங்க பையன் கை தூக்கிப் பதில் சொன்னான். உண்மையைப் படிக்கும்போது எனக்குத் திக்கியது. கையில் போன் இருந்தும், முன்னால் எழுத்து இருந்தும், ஒவ்வொரு சொல்லின் வாசலிலும் நின்று நின்று வந்தேன். பொய்யைப் படித்தபோது ஒருநாளும் இப்படி ஆனதில்லை.

சுண்டு கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு எழுந்து, என் வாயைத் தன் உள்ளங்கையால் மூடினாள். பல மாதத்துக்குப் பிறகு பேசினாள். கரகரவென்று, யாரோ பேசுவது மாதிரி இருந்தது.

"போதும்க்கா. எனக்காகப் பொய் சொல்லாத. உனக்குப் பொய் சொல்லவே வரல."

சொல்லிவிட்டு என் கன்னத்தைத் தடவிக்கொடுத்தாள். பாவம் அக்கா என்கிற மாதிரி. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

அவ்வளவுதான் மேடம். எதையும் விடவில்லை. தாளை வாங்கிப் பார்த்துக்கொள்ளுங்கள். ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன். இதைச் சுண்டுவிடம் சொல்ல வேண்டாம். இந்த உலகத்தில் தன்னிடம் பிரியமாக இருக்கிறவள் நான் ஒருத்திதான் என்று அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள். அதையும் அவளிடமிருந்து எடுத்துவிடக் கூடாது. எனக்காகக் கேட்கவில்லை. அவளுக்காகத்தான் கேட்கிறேன்.