நடுங்கத் தெரிந்த கை

“அங்கிள், உங்களுக்குக் குளிருதுங்களா?” என்று ஷைனா ஒருமுறை என்னைக் கேட்டாள். நம் சபையின் வயலின்காரன் மோசஸின் மகள், ஆறு வயது. குன்னூரில் குளிர்வது சாதாரணம்தான். ஆனால் நான் அப்போது ஆலயத்தில், பாடகர் குழு நடுவே, வயலின் வாசித்துக்கொண்டிருந்தேன்.

நேற்று ஈஸ்டர் ஆராதனை முடிந்ததும், போதகர் ஐயா, நீங்கள் என் கையைப் பிடித்துக்கொண்டு, “தனசிங், இந்த வைப்ராட்டோ எப்படிப்பா திடீர்னு வந்துச்சு?” என்று கேட்டீர்கள். நல்ல கேள்வி. ஒளிக்க ஒன்றுமில்லை; சொல்கிறேன்.

வைப்ராட்டோ பெரிய வித்தையில்லை. தந்தியை அழுத்துகிற இடக்கை விரல் முன்னும் பின்னுமாக மெல்ல ஆட வேண்டும். அப்போது சுரம் மனிதக் குரல்போல அசையும். எனக்குப் பல வருடமாக வரவில்லை. விரலுக்குப் பதில் முழங்கையே ஆடியது. மோசஸின் மனைவி தபித்தாள் பாட்டை நிறுத்தி, “அண்ணனுக்கு யாராச்சும் ஒரு கம்பளி குடுங்கப்பா” என்பாள், குழுவே சிரிக்கும். நான் மன்னித்துவிட்டேன். மன்னிப்பது என் வழக்கம்.

மோசஸ் மட்டும் சிரிக்கமாட்டான். “வயலின் விழுந்துருமோன்னு அதோட கழுத்த நெரிக்கறீங்கண்ணா. தாடைதானுங்க பிடிக்கோணும். கட்டைவெரல விட்டுப்போடுங்க, மத்த வெரல் தானா ஆடும்” என்பான். அவன் விரல் ஆடினால் சபையில் மூக்குறிஞ்சும் சத்தம் கேட்கும். ஈஸ்டரின் தனி வயலின் எப்போதும் அவனுக்குத்தான். எனக்கு அதில் வருத்தமில்லை. கவனித்தேன், அவ்வளவுதான்.

தேயிலை விற்ற பணம் பறிகூலிக்கே காணாத வருடம் இது. எஸ்டேட் ஆபீசில் ஒருவரைக் குறைக்க வேண்டும் என்றார் மானேஜர். மோசஸின் சீட்டுக் கிழிய இருந்தது. நான் டீ மேக்கர். ஃபேக்டரி என் பொறுப்பு. அவனை என்னிடம் அனுப்புங்கள் என்று நானே கேட்டு வாங்கினேன். அவனுக்கு வேலையும் மிஞ்சியது, குவார்ட்டர்ஸும் மிஞ்சியது. “நீங்க இல்லீன்னா ஊடு வாசல் இல்லாம நடுரோட்லதானுங்கண்ணா” என்று தபித்தாள் அழுதாள். அந்த வாரம் நீங்கள் சபையில் என் பெயரைச் சொல்லி ஜெபித்தீர்கள்.

சி.டி.சி. மெஷினில் அவனை நிறுத்தினேன். பல் வைத்த இரண்டு உருளைகள் எதிரெதிரே சுழன்று இலையை நறுக்கும். கை உள்ளே போகாமலிருக்க, இலை போகும் வாயில் ஓர் இரும்பு வலை உண்டு. கழுவுவதற்காக அது அந்த வாரம் கழற்றப்பட்டிருந்தது. ஈர இலை அடிக்கடி அடைத்துக்கொள்ளும், தள்ளிவிட வேண்டும். ஆபீஸ் ஆளுக்கு என்ன தெரியும்? பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தேன். வலது கை எப்போதும் சுவிட்சில் இருக்கட்டும் தம்பி, இடது கையால் தள்ளு என்றேன். பாதுகாப்புக்காகத்தான்.

நான்கு விரல்கள் போயின. கட்டைவிரலுக்கு ஒன்றும் ஆகவில்லை.

கோயம்புத்தூர் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் பர்லியாரில் பஸ் நின்றது. ஆரஞ்சு வாங்கவில்லை, உரிக்க இரண்டு கை வேண்டும். பலாச்சுளையாகப் பார்த்து வாங்கினேன். இப்படிச் சின்னச் சின்னக் கரிசனத்தில்தான் உலகம் நிற்கிறது என்று நீங்களே சொல்லியிருக்கிறீர்கள். போனால், மோசஸ் என்னைத் தேற்றினான். “மனசு ஒடையாதீங்கண்ணா. ஈஸ்டருக்கு நீங்கதான் வாசிக்கோணும். என்ற வயலின எடுத்துக்குங்க, அது கைக்கு லேசு.” ஊருக்குத் திரும்பியதும் தபித்தாள் அதைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். நேற்று வாசித்தது அதுதான். ஷைனா முன்வரிசையில் இருந்தாள். குளிருதா என்று இம்முறை கேட்கவில்லை.

விபத்து ஒரு வெள்ளிக்கிழமை. திங்களன்று தொழிற்சாலை ஆய்வாளர் வந்து மெஷினைப் பார்த்தார். வலை இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. தொழிலாளியே அதை விலக்கிக் கையை விட்டிருக்கிறான் என்று எழுதிக்கொண்டு போனார். அதனால் நஷ்டஈடு கிடையாது. மாதக் கடைசியில் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். சாமான் ஏற்ற நானே லாரிக்குச் சொல்லி வைத்திருக்கிறேன்.

நீங்கள் கேட்டது வைப்ராட்டோவைப் பற்றி. அது நடுவில் இருந்த ஞாயிறன்று காலையில் வந்தது. நீங்கள் எல்லோரும் மோசஸுக்காக முழங்காலிட்டிருந்த நேரம். பூட்டிக்கிடந்த ஃபேக்டரியில் நான் தனியாக இருந்தேன். வலையைத் தூக்கி மெஷின் வாயில் வைத்து, இடது கையால் பிடித்தபடி திருப்புளியால் முடுக்கினேன். அப்போதுதான் கையைப் பார்த்தேன். கட்டைவிரல் தளர்ந்திருந்தது. மற்ற விரல்கள் மெல்ல, சீராக ஆடிக்கொண்டிருந்தன. முழங்கை அசையவே இல்லை. அன்று குளிரும் இல்லை.

சாட்சிக்கு ஒருவரும் கிடையாது. நல்ல காரியத்துக்குச் சாட்சி எதற்கு? வலையின் திருகாணிகள் எல்லாம் முந்தின வாரத்திலிருந்து என் கோட்டுப் பையில்தான் இருந்தன. ஒன்றுவிடாமல் திருப்பி வைத்துவிட்டேன். அடுத்தவர் பொருளை வைத்துக்கொள்கிற பழக்கம் எனக்கு இல்லை, ஐயா.