விளிம்பில் அராவிய பெயர்

இந்த ஆண்டு என் தோட்டத்து லீக்ஸ், அந்த வெங்காயத் தண்டு, மணிக்கட்டுப் பருமனுக்கு வந்திருக்கிறது. சுரங்கத் தொழிலாளர் காய்கறிப் போட்டியில் பரிசு எனக்குத்தான் என்கிறார்கள். உட்காருங்கள், பாதிரியார் ஐயா. ரால்ஃப் ஸ்டோபார்ட்டின் பெயரைப் போர் நினைவுக் கல்லில் வெட்டலாமா என்று கேட்கத்தானே வந்தீர்கள்? ஓடிப்போனவன் என்று ராணுவமே சுட்டவனுக்குக் கல்லில் இடமில்லை என்கிறது குழு. நானும் அந்தக் குழுவில் இருக்கிறேன். இதுவரை வாய் திறக்கவில்லை.

பெல்ஜியத்தில் பிளாண்டர்ஸ் போர்முனை, 1917 அக்டோபர். காலையிலேயே அதிகாரி இறந்துவிட்டதால் பதுங்குகுழிக்கு சார்ஜன்ட் நான் பொறுப்பு. பின்வாங்கத் தலைமையகத்தில் அனுமதி கேட்டுவர ரால்ஃபை அனுப்பினேன்.

“ஒரு சீட்டு எழுதிக் குடுங்க சார்ஜன்ட். வழியில மடக்குனா என்னத்தச் சொல்ல?”

“உன் மூஞ்சியக் காட்டு. அத எவனும் திருடமாட்டான், நீதான்னு நம்பிருவாங்க.”

பக்கத்தில் இருந்த இருவர் சிரித்தார்கள். ரால்ஃபும் சிரித்துக்கொண்டே போனான். அந்த இருவரும் மதியத்துக்குள் இறந்துவிட்டார்கள். அந்த வகையில் பின்னால் எல்லாம் எளிதாயிற்று.

குண்டுகள் நெருங்கியதும் அவனுக்காகக் காத்திராமல் மிச்சப் பேரைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன். அனுமதி வேண்டும் என்று தெரிந்தே ஆளனுப்பியவன் பதில் வருமுன் கிளம்பினான் என்றால், அது குற்றம். ஆளே அனுப்பவில்லை என்றால், வெறும் குழப்பம். ரால்ஃபை இரண்டு மைல் பின்னால் ராணுவப் போலீசார் பிடித்தார்கள். “சார்ஜன்ட்தான் அனுப்பினாரு, அவரையே கேளுங்க” என்றானாம். கேட்டார்கள். இல்லை என்றேன். பதினோராம் நாள் விடியலில் அவனைச் சுட்டார்கள். போர்முனையில் இறந்தான் என்று மட்டும் அவன் தாய்க்குக் கடிதம் போனது.

கடந்த ஆண்டு வீடுதோறும் தபாலில் பதக்கம் வந்தது. விளிம்பில் அந்தந்த வீரனின் எண்ணும் பெயரும் பொறித்திருக்கும். பெண்கள் வாசலில் நின்று திருப்பித் திருப்பிப் படித்தார்கள். “தபால்காரனுக்கு உங்க கதவு மட்டும் கண்ணுல படலையாக்கும்” என்று பக்கத்து வீட்டுத் திருமதி பிரவுட் கேட்டதும், ரால்ஃபின் தாய் என்னிடம் வந்தார்.

“கடைசிவரைக்கும் அவன்கூட இருந்தவரு நீங்க, தம்பி. என்னன்னு எழுதிக் கேளுங்களேன்.”

தண்டனை பெற்றவனுக்குப் பதக்கம் கிடையாது. ஆகவே என்னுடையதை நியூகாசிலில் ஒரு கடிகாரக்காரரிடம் கொடுத்தேன். விளிம்பிலிருந்த என் பெயரை அராவிவிட்டு அவன் பெயரை வெட்டித் தந்தார். தாய் அதை, மாண்டவர்களின் பதக்கத்தை அணியும் வழக்கப்படி, வலது மார்பில் குத்திக்கொண்டு தேவாலயத்துக்கு வந்தார். நீங்களும் பார்த்தீர்கள்.

திருமதி பிரவுட் தன் மகனுடையதை அதன் பக்கத்தில் வைத்து அளந்திருக்கிறார். “இதென்ன, உம் மவன் பதக்கம் பட்டினி கெடந்திருக்கு?” என்றாராம். எழுத்தும் வேறு மாதிரி. தாய் ராணுவ அலுவலகத்துக்கே எழுதிக் கேட்டார். மகனை ராணுவமே சுட்டது, அவனுக்குப் பதக்கம் கிடையாது என்ற உண்மை தபாலில் வந்தது. மறுநாள் பதக்கத்தை என் மேசைமேல் வைத்தார். “இத நீங்களே வெச்சுக்குங்க” என்றார். அதன்பின் அவர் வீட்டைவிட்டு வெளியே வரவில்லை.

ஊருக்கு என்மேல் கோபமில்லை. இரக்கத்தில் செய்தேன் என்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைக்கிறேன்.

இப்போது சொன்னதை நாளை குழுவில் சொல்வேனா என்று கேட்கிறீர்கள். மாட்டேன். நீங்கள் சொன்னாலும் மறுப்பேன். கல்லில் இருக்கும் மற்ற பெயர்களுக்கு ஒரு நாணயமான சார்ஜன்ட் வேண்டாமா? அவன் பெயருள்ள பதக்கத்தை நான் அணிய முடியாது; நவம்பர் நினைவு அணிவகுப்பில் என் நெஞ்சு ஒன்றுதான் வெறுமையாக இருக்கப்போகிறது, ஐயா. ரால்ஃபுக்காக இவ்வளவு இழந்தவர் இந்த ஊரில் வேறு யார் இருக்கிறார், சொல்லுங்கள்.