இரண்டு மூடி

எங்கள் அப்பா சாப்பாட்டு விஷயத்தில் யாருக்கும் தொந்தரவு கொடுத்தவர் இல்லை. உப்புக் குறைந்தால் கேட்டு வாங்கமாட்டார். ரசம் ஆறிப்போயிருந்தால் ஆறிப்போன ரசத்தையே குடித்துவிட்டு எழுந்துவிடுவார். எண்பத்துமூன்று வயதில் இப்படி ஓர் ஆளை வைத்துப் பார்த்துக்கொள்வதில் கஷ்டமே இருக்காது என்று சூலூரில் பல பேர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள்.

இன்ஸ்பெக்டர் சார், நீங்கள் கேட்டது ஒரே கேள்வி. ஆறு நாற்பதுக்குச் சரிந்து விழுந்தவருக்கு ஏழு இருபதுக்குத்தான் 108க்குப் போன் போயிருக்கிறது, வண்டியிலேயே உயிர் போய்விட்டது, நடுவில் அந்த நாற்பது நிமிடம் என்ன செய்தீர்கள் லின்சி டீச்சர் என்று கேட்டீர்கள். எழுதித் தரச் சொல்லித் தாளும் கொடுத்தீர்கள். முப்பத்தொரு வருடம் மிஷன் பள்ளியில் கணக்குப் பாடம் எடுத்தவள் நான். விடையை மட்டும் எழுதிவைத்தால் மார்க் போடமாட்டேன், வழிமுறையும் வேண்டும் என்பேன். அதனால் முதலிலிருந்தே எழுதுகிறேன்.

அப்பா இன்னாசிமுத்து மோட்டார் பம்பு கம்பெனியில் ஃபிட்டராக இருந்தவர். குடிகாரர் அல்ல. குடிகாரராக இருந்திருந்தால் எனக்கு வேலை எளிதாக முடிந்திருக்கும், ஊரே என் பக்கம் நின்றிருக்கும். ஐம்பது வருடமாக ஒரே பழக்கம். சாயங்காலம் கோயில் மணி அடித்ததும் குளித்து, வெள்ளை வேட்டி கட்டி, ஜெபம் சொல்லி, ஆறரைக்கு முன்வாசலில் நாற்காலி போட்டு உட்காருவார். இருமல் மருந்து அளக்கிற பிளாஸ்டிக் மூடியில் இரண்டு மூடி பிராந்தி, முக்கால் டம்ளர் தண்ணீர், கொஞ்சம் வேகவைத்த கடலைக்காய். மூன்றாவது மூடி கிறிஸ்துமஸுக்கும் கிடையாது. அம்மா இருந்தவரை அம்மா அளந்து ஊற்றினாள். அவள் போன பிறகு தானே ஊற்றிக்கொண்டார்.

எதிர்வீட்டு நரசிம்மலு மாமா மோர் டம்ளரோடு வந்து பக்கத்தில் உட்காருவார். நாலு விசைத்தறி வைத்து ஓட்டியவர், பிராந்தி வாசனைகூடத் தெரியாதவர். இருவரும் ஒரு மணி நேரம் பேசிச் சிரிப்பார்கள். பேசுகிற விஷயம் ஒன்றும் பெரிதாக இருக்காது. போன வருடம் நான் ஓய்வு பெறும்வரை அந்த நேரத்தில் டியூஷன் எடுத்துக்கொண்டிருந்தேன், அதனால் பார்த்ததில்லை. ஓய்வு பெற்ற பிறகு தினமும் பார்க்க வேண்டியதாயிற்று.

நான் கரடியாகக் கத்தினேன் சார். கொஞ்சமாகக் குடித்தாலும் கெடுதல்தான் என்று பேப்பரில் வந்ததை உரக்கப் படித்துக் காட்டினேன். "அப்படியா கண்ணு, அடுத்த பக்கத்துல தேங்கா வெல என்ன போட்டிருக்குதுன்னு பாரு" என்றார். பங்கு ஃபாதரிடம் சொன்னேன். அளவோடு இருக்கிறவரைக்கும் விட்டுவிடும்மா என்று அவரும் சிரித்தார். தம்பி துபாயிலிருந்து லீவில் வந்தால் அப்பாவுக்கென்று பாட்டில் வாங்கி வருகிறான், எனக்குச் சோப்பு வாங்கி வருகிறான். எரிச்சலாக இருக்குமா இருக்காதா, நீங்களே சொல்லுங்கள்.

கடைசியில் டாக்டர் ஷ்ரவ்யாவிடம் அழைத்துப் போனேன். சின்னப் பெண், நன்றாகப் படித்தவள். எல்லாம் சோதித்துவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். "குடிங்கன்னு நான் யாருக்கும் சொல்ல மாட்டேங்க டீச்சர். ஆனா ஐயாவுக்கு பிரஷர், ஈரல் எல்லாம் நல்லாத்தானுங்க இருக்குது. இந்த வயசுல அந்த ரெண்டு மூடியப் புடுங்கி என்னங்க ஆகப்போகுது? சாயங்காலம் ஆனா ஒண்ணுக்காகக் காத்துட்டு இருக்காருல்ல, அதுவே பாதி மருந்துங்க" என்றாள். படித்தவளே இப்படிப் பேசினால் நான் யாரிடம் போவது?

என் வீட்டுக்காரர் மெல்வினைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. அவருக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. ஆனால் அந்தப் பொடி வந்த வழியைச் சொல்ல வேண்டியிருக்கிறது. பஸ் ஸ்டாண்டுச் சுவர்களில் நோட்டீஸ் பார்த்திருப்பீர்கள், குடியை நிறுத்துகிற பொடி, குடிப்பவருக்குத் தெரியாமலேயே கொடுக்கலாம் என்று. சாப்பாட்டில் கலந்துவிட வேண்டும். அது உடம்பில் இருக்கும்போது குடித்தால் முகம் சிவந்து, வாந்தி வந்து, நெஞ்சு படபடத்துக் குடியே வெறுத்துப்போகும் என்பார்கள். பத்தொன்பது வருடத்துக்கு முன்னால் மெல்வினுக்காக ஒரு டப்பா வாங்கிவைத்திருந்தேன். அப்பா பார்த்துவிட்டார்.

"ஆளுக்குத் தெரியாம வயித்துக்குள்ள ஒண்ணப் போடறது தப்பு கண்ணு. மனுசங்கிட்டச் சொல்லீட்டுக் குடு" என்றார்.

அப்பா சொல் தட்டாத மகள் நான். சொன்னேன். மெல்வின் சிரித்துவிட்டு டப்பாவைச் சாக்கடையில் கொட்டினார். எட்டு மாதத்தில் ஈரல் கெட்டு இறந்துபோனார், நாற்பத்துமூன்று வயது. அடக்கம் முடிந்து வந்த அன்று சாயங்காலம் கோயில் மணி அடித்தது. அப்பா குளித்தார், வெள்ளை வேட்டி கட்டினார், ஜெபம் சொன்னார். ஆறரைக்கு அம்மா இரண்டு மூடி அளந்து கொடுத்தாள். அழுதுகொண்டேதான் குடித்தார், அதை நான் மறுக்கவில்லை.

இந்த வருடம் பிப்ரவரியில் கிணத்துக்கடவு தாண்டி ஒரு கடையில் மறுபடி அந்தப் பொடியை வாங்கினேன். கடைக்காரர் இரண்டு விஷயம் சொன்னார். டாக்டரைக் கேட்காமல் கொடுக்கக் கூடாது, நெஞ்சு பலவீனமானவர்களுக்குக் கொடுக்கவே கூடாது. அப்பாவுக்கு நெஞ்சு பலமாகத்தான் இருந்தது அப்போது. டாக்டரைக் கேட்டால் அவள் என்ன சொல்வாள் என்று எனக்கு முன்பே தெரியும். காலையில் கம்பங்கஞ்சியில் கலந்தேன். ருசி மாறியிருந்தாலும் அவர் கேட்கிற ஆள் இல்லை என்று மேலே எழுதியிருக்கிறேன்.

முதல் நாள் சாயங்காலம் பாதி டம்ளரிலேயே முகம் செம்பருத்தியாகச் சிவந்துவிட்டது. வாந்தி எடுத்தார். நெற்றியைத் தாங்கிப் பிடித்தேன், வாய் கொப்பளிக்கத் தண்ணீர் கொடுத்தேன், வேட்டி மாற்றிவிட்டேன். "உங்க ஒடம்பு கேக்க மாட்டேங்குதுப்பா" என்றேன். அவர் பாட்டிலைச் சந்தேகப்பட்டார். சரக்குப் போலி என்று டாஸ்மாக்கில் போய்ச் சண்டை போட்டுவிட்டு வந்தார். வேறு பாட்டில் வாங்கினார். அதற்கும் வாந்தி.

அப்போது நரசிம்மலு மாமா ஒரு காரியம் செய்தார். "ஏனுங் முத்தண்ணா, அந்த மூடிய இப்படிக் குடுங்க, நான் பாத்துப்போடறேன்" என்று வாங்கி, கண்ணை இறுக்க மூடிக்கொண்டு ஒரு மூடி விழுங்கினார். எழுபத்தாறு வயதுவரை தொடாத மனுஷன். அரை மணி நேரம் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். ஒன்றும் ஆகவில்லை. "பாட்டில்ல ஒண்ணுமில்லீங்க" என்று மாமா மெதுவாகச் சொன்னார். அப்படியானால் கெட்டது தன் உடம்புதான் என்று அப்பாவுக்குப் புரிந்தது. நான் கதவருகில் நின்றுகொண்டிருந்தேன்.

மூன்றாம் முறை நெஞ்சைப் பிடித்துக்கொண்டதால் டாக்டர் ஷ்ரவ்யாவிடமே போனோம். ஈசிஜி எடுத்தாள். இதயத் துடிப்பு தப்பித் தப்பி அடிக்கிறது, போன தடவை இப்படி இல்லையே என்றாள். "வேற ஏதாச்சும் மருந்து சாப்பிடறாருங்களா? நாட்டு மருந்து, லேகியம், பொடி, அந்த மாதிரி?" என்று என்னைப் பார்த்துக் கேட்டாள். இல்லீங்க டாக்டர் என்றேன். அப்பாவும் இல்லை என்றுதான் சொன்னார். அவர் சொன்னது பொய் இல்லை.

அன்றோடு நிறுத்திவிட்டார். இருபத்தாறு நாள் தொடவில்லை. யாராலும் முடியாததை நான் செய்துகாட்டினேன், ஆனால் ஒருவரிடமும் சொல்லிக்கொள்ள முடியவில்லை, அது ஒரு குறை. அப்பா முன்வாசலுக்கு நாற்காலி போடுவதையும் நிறுத்திவிட்டார். நரசிம்மலு மாமா மோர் டம்ளரோடு கேட் வரைக்கும் வந்து நிற்பார், கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விடுவார். அப்பா ஏழு மணிக்கே சாப்பிட்டுவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வார். வீடு அமைதியாக இருந்தது. எனக்கு நல்ல தூக்கம் வந்தது.

நிறுத்திய பிறகும் ஏன் கொடுத்தீர்கள் என்று கேட்பீர்கள். காய்ச்சல் விட்டுவிட்டது என்று மாத்திரையைப் பாதியில் நிறுத்துவோமா? அதுபோலத்தான்.

போன வியாழக்கிழமை அம்மாவின் நினைவு நாள். காலையில் பூசைக்குப் போய் வந்தோம். அம்மாவின் நாள் என்றால் அப்பாவுக்கு அந்த ஞாபகம் வரும் என்று எனக்குத் தெரியும். அதனால் அன்றைக்குக் கஞ்சியில் கூடுதலாகவே போட்டேன். நரசிம்மலு மாமா திருப்பூரில் மகன் வீட்டுக்குப் போயிருந்தார்.

ஆறேகாலுக்கு அப்பா சமையலறைக்கு வந்தார். குளித்து வெள்ளை வேட்டி கட்டியிருந்தார். கையில் அந்தப் பிளாஸ்டிக் மூடி. அதை மேடைமேல் எனக்கு முன்னால் வைத்தார். "அம்மணி, இன்னைக்கு உங்கம்மா நாளு. ஒரே ஒரு மூடி குடிச்சுக்கட்டுமா? நீ வேண்டான்னா வேண்டாம்" என்றார்.

இதில் என்னை யாரும் இதுவரை கேட்டதில்லை சார். மெல்வின் கேட்டதில்லை. அப்பாவும் கேட்டதில்லை. வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் திரும்பிப் போய்ப் படுத்திருப்பார், சத்தியமாகப் போயிருப்பார். "நீங்க போய் உக்காருங்கப்பா, நான் கொண்டுட்டு வாரேன்" என்றேன். அம்மா அளப்பதுபோல் கோடு தப்பாமல் இரண்டு மூடி அளந்தேன். டம்ளரைப் பார்த்துவிட்டு, "ரெண்டா ஊத்தியிருக்கற?" என்று கேட்டுச் சிரித்தார். என் தலையில் கைவைத்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. இருபத்தாறு நாள் பாடம் எடுத்தும் ஒன்றுமே ஏறவில்லை என்று அர்த்தம்.

இனி நாற்பது நிமிடம்.

ஆறு நாற்பதுக்கு நாற்காலியிலிருந்து சரிந்தார். கீழே சாய்த்து உட்காரவைத்தேன். போன் என் கையில்தான் இருந்தது. "கண்ணு, வண்டிக்குச் சொல்லு" என்றார்.

"மொதல்ல நீங்க சொல்லுங்கப்பா" என்றேன்.

"என்னத்தச் சொல்ல சாமி?"

"இனிமே தொட மாட்டேன்னு."

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். மூச்சு வாங்கியது, வியர்வையில் பனியன் ஊறிப்போயிற்று. வெகுநேரம் கழித்து, "கஞ்சியிலயா கண்ணு?" என்று கேட்டார். போனை மறு கைக்கு மாற்றிக்கொண்டேன். "சொல்லீட்டுக் குடுத்திருக்கலாமல்ல" என்றார். திட்டுகிற மாதிரி இல்லை, குறைப்பட்டுக்கொள்கிற மாதிரி இருந்தது. சொல்லிவிட்டுக் கொடுத்தால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியாதா? சொல்லிவிட்டுக் கொடுத்துத்தானே ஓர் ஆளைக் கல்லறையில் கொண்டுபோய் வைத்தேன்.

நான் கேட்டதற்கு அது பதில் இல்லை. மறுபடி கேட்டேன். அம்மா பெயரைச் சொன்னார், நெஞ்சு வலிக்கிறது என்றார், தண்ணீர் கேட்டார். தண்ணீர் கொடுத்தேன். வகுப்பில் ஒரு பிள்ளைக்கு விடை வரவில்லை என்றால் நான் அடிக்கமாட்டேன், பக்கத்தில் நின்று காத்திருப்பேன். நேரம் ஆனாலும் அது வாயிலிருந்தே வரவேண்டும். மெல்வினிடம் அதற்கு நேரம் கிடைக்கவில்லை.

ஏழு இருபதுக்கு அப்பா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "தொட மாட்டேன்" என்றார். முழுசாகச் சொல்லுங்கப்பா என்றேன். "இனிமே தொட மாட்டேன் கண்ணு" என்று முழுசாகச் சொன்னார்.

சொன்னதும் 108க்குப் போன் செய்துவிட்டேன். ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கவில்லை.